தென்னாப்பிரிக்காவில் ஜெயித்த இரட்டையர் கோப்பை.. ஆர்தர் ஆஷ் அங்கே போனது சரியா? முத்துசாமி வீட்டு மாப்பிள்ளையின் கதை!

அமெரிக்க ஓப்பன் டென்னிஸ் நடக்கும் நாட்களில், ராத்திரி டிவியில் ஒரு பிரமாண்ட ஸ்டேடியத்தைப் பார்த்திருப்பீங்க. 23 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் உட்காரலாம். உலகத்திலேயே பெரிய டென்னிஸ் அரங்கம் அதுதான். பெயர், ஆர்தர் ஆஷ் ஸ்டேடியம்.

பெயர் காதில் விழுந்திருக்கும். ஆனா அந்த ஆள் யாருன்னு கேட்டால் பலருக்கும் தெரியாது. டென்னிஸ் ஆடினவர், கருப்பினத்தவர், எய்ட்ஸ் வந்து இறந்தவர் என்ற அளவில் சிலர் சொல்வார்கள். அவர் வாழ்க்கையில் இன்னும் முடிவுக்கு வராத ஒரு கேள்வி இருக்கு. 1973-ல் ஒரு இரட்டையர் கோப்பையை ஜெயிக்க அவர் போன நாட்டுக்கு, அடுத்த வருஷமே போக மாட்டோம் என்று சொன்னது இந்தியா. அந்த இந்திய அணியில் இருந்தவர்கள் சென்னைப் பசங்க.

இரண்டில் எது சரி? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த ஆர்தர் ஆஷ்?

1943 ஜூலை 10 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம் ரிச்மண்ட் நகரில் பிறந்தவர். அப்போது அங்கே கருப்பர்களுக்குத் தனிப் பள்ளி, தனிப் பூங்கா, பஸ்ஸில் தனி இடம் என எல்லாமே தனித்தனி. இதெல்லாம் சட்டப்படியே நடந்தது.

கருப்பர்களுக்கென ஒதுக்கப்பட்ட புரூக்ஃபீல்ட் பூங்காவைப் பார்த்துக்கொள்வதுதான் ஆஷின் அப்பாவுக்கு வேலை. பூங்காவுக்குள்ளேயே வீடு. வாசல் கதவைத் திறந்தால் டென்னிஸ் கோர்ட். ஆறு வயசில் அம்மா இறந்துவிட்டார். ஒல்லியான பையன், கால்பந்து ஆடினால் அடிபடும் என்று அப்பா விடவில்லை. அதனால் டென்னிஸ் மட்டையைக் கையில் எடுத்தார்.

பூங்காவில் ஆட வந்த கல்லூரி மாணவர் ரான் சாரிட்டிதான் முதல் குரு. அவர்தான் பையனை லிஞ்ச்பர்க்கில் இருந்த டாக்டர் ராபர்ட் வால்டர் ஜான்சனிடம் கொண்டுபோய் விட்டார். ஜான்சன் தொழிலால் மருத்துவர். கோடை விடுமுறையில் கருப்பினப் பிள்ளைகளைத் தன் வீட்டில் தங்கவைத்து டென்னிஸ் சொல்லிக்கொடுப்பார். விம்பிள்டன் ஜெயித்த முதல் கருப்பின வீராங்கனை ஆல்தியா கிப்சனும் அவருடைய பட்டறையில் உருவானவர்தான்.

ஜான்சனிடம் ஒரு கறாரான விதி இருந்தது. எதிராளி அடித்த பந்து கோட்டுக்கு இரண்டு இன்ச் வெளியே விழுந்தாலும் உள்ளே விழுந்ததாக வைத்துக்கொண்டு ஆடணும். நடுவரிடம் வாயைத் திறக்கக் கூடாது. மட்டையைத் தூக்கி எறியக் கூடாது. காரணம் எளிமையானது. வெள்ளைக்காரர்களின் போட்டியில் ஒரு கருப்புப் பையன் கோபப்பட்டால், அடுத்த தடவை உள்ளே விடமாட்டார்கள். வாழ்நாள் முழுக்க ஆஷ் கோர்ட்டில் அமைதியாக இருந்ததன் பின்னணி இதுதான். குணத்தோடு பயமும் கலந்த பழக்கம் அது.

உள்ளரங்க கோர்ட்டில் அப்படி என்ன ஸ்பெஷல்?

ரிச்மண்டில் குளிர்காலத்தில் வெளியே டென்னிஸ் ஆட முடியாது. கூரை போட்ட உள்ளரங்க கோர்ட்டுகள் ஊரில் இருந்தன. ஆனா கருப்பர்களுக்கு அனுமதி இல்லை. வெள்ளைக்காரப் பையன்கள் வருஷம் பூரா பயிற்சி எடுப்பார்கள். ஆஷ் பாதி வருஷம் சும்மா இருக்கணும். திறமை இருந்தும் பின்தங்கிப்போகும் நிலை.

அதனால் 1960-ல், பள்ளியின் கடைசி வருஷத்தில், சொந்த ஊரை விட்டு செயின்ட் லூயிஸ் நகரத்துக்கு அனுப்பப்பட்டார். ரிச்சர்ட் ஹட்லின் என்ற ஆசிரியர் வீட்டில் தங்கினார். அங்கே ராணுவப் பயிற்சிக் கட்டடத்தின் உள்ளே மரத்தரையில் டென்னிஸ் ஆடலாம்.

இங்கேதான் விஷயம் இருக்கு. மண் தரையில் பந்து விழுந்தால் வேகம் குறைந்து மேலே எழும்பும். மரத்தரையில் வழுக்கிக்கொண்டு தாழ்வாகப் பாயும். காற்று கிடையாது, கண்ணில் வெயில் அடிக்காது. சர்வீஸ் பலமாக இருந்தால் எதிராளி மட்டையை நகர்த்துவதற்குள் பாயிண்ட் முடிந்துவிடும். அதுவரை பின்னால் நின்று நிதானமாக ஆடிய ஆஷ், இங்கே சர்வீஸ் போட்டுவிட்டு வலைக்கு ஓடிவரக் கற்றுக்கொண்டார். அமெரிக்க தேசிய ஜூனியர் உள்ளரங்கப் பட்டத்தை ஜெயித்த முதல் கருப்பினத்தவரும் ஆனார்.

எந்த உள்ளரங்கம் அவரை வெளியே நிறுத்தியதோ, அதே உள்ளரங்க ஆட்டம்தான் பிறகு அவருக்குச் சோறு போட்டது. 1970-களில் தொழில்முறை வீரர்களின் போட்டிகள் குளிர்காலத்தில் உள்ளரங்கங்களில் வரிசையாக நடந்தன. நெதர்லாந்தின் ரோட்டர்டாம் போட்டி அதில் ஒன்று. 1972-ல் அதன் முதல் சாம்பியன் ஆஷ்தான். 1975, 1976-லும் அவரே ஜெயித்தார். அந்த மூன்று பட்ட சாதனையை ஃபெடரர் சமன் செய்ய 2018 வரை ஆனது. ஆனா அதே ரோட்டர்டாமில் 1972-லும் 1976-லும் இரட்டையர் ஃபைனல் வரை போய்த் தோற்றதும் ஆஷ்தான். 1972-ல் கூட ஆடியவர் பாப் லட்ஸ். 1976-ல் கூட ஆடியவர் டாம் ஓக்கர். இந்தப் பெயரை ஞாபகம் வைச்சுக்கோங்க.

ஜெயித்தவருக்குப் பணம் இல்லை, தோற்றவருக்கு 14 ஆயிரம் டாலர்!

1963-ல் அமெரிக்க டேவிஸ் கோப்பை அணியில் இடம்பிடித்த முதல் கருப்பினத்தவர் ஆனார் ஆஷ். கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு ராணுவத்தில் லெஃப்டினன்ட். 1968-ல் அமெரிக்க ஓப்பன் ஃபைனலில் நெதர்லாந்தின் டாம் ஓக்கரை ஐந்து செட்டில் வீழ்த்தினார். முதல் செட் மட்டும் 14-12.

ஆனா ஆஷ் அப்போது அமெச்சூர் வீரர். பரிசுப் பணம் வாங்க முடியாது. தினசரிச் செலவுக்கு 20 டாலர் மட்டும் கிடைத்தது. தோற்ற ஓக்கர் 14 ஆயிரம் டாலரோடு வீட்டுக்குப் போனார். அன்று வலைக்கு அந்தப் பக்கம் நின்ற அந்த ஓக்கர்தான், ஐந்து வருஷம் கழித்து ஜோகன்னஸ்பர்க்கில் ஆஷுக்குப் பக்கத்தில் நின்றார்.

விசா தர மறுத்த நாடு

அந்தக் காலத்தில் தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி. வெள்ளையர் அல்லாதவர்களுக்கு ஓட்டு இல்லை, விருப்பப்பட்ட இடத்தில் குடியிருக்க முடியாது. இதில் தமிழர்களும் அடக்கம். 1860-ல் மதராஸிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போன கூலித் தொழிலாளர்களின் வம்சம் டர்பன் பக்கம் பெரிய அளவில் வாழ்கிறது. அவர்களும் ஊருக்கு வெளியே தனிக் குடியிருப்புகளுக்குத் தள்ளப்பட்டவர்கள்தான்.

டென்னிஸ் உலகம் மட்டும் தென்னாப்பிரிக்க ஓப்பன் போட்டிக்கு வழக்கம்போலப் போய்வந்தது. 1969-ல் ஆஷ் விசா கேட்டார். கிடைக்கவில்லை. 1970-ல் மறுபடி கேட்டார். மறுபடி இல்லை. ஒரு கருப்பர் என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் இல்லை என்பது உலகத்துக்கே தெரிந்தது. அதே 1970-ல் டேவிஸ் கோப்பையிலிருந்து தென்னாப்பிரிக்கா வெளியேற்றப்பட்டது.

1973-ல் நிலைமை மாறியது. டேவிஸ் கோப்பையில் மறுபடி சேர்க்கப்பட்ட தென்னாப்பிரிக்கா, தன் முகத்தைக் கொஞ்சம் நல்லபடியாகக் காட்ட விரும்பியது. ஆஷுக்கு விசா தரச் சம்மதித்தது.

போகலாமா, கூடாதா?

இங்கேதான் சண்டை ஆரம்பித்தது. போகக் கூடாது என்றவர்கள் பெரும்பாலும் ஆஷின் சொந்த மக்கள். ஒரு கருப்பு நட்சத்திரம் அங்கே ஆடினால், பாருங்க எங்க நாட்டில் எல்லாம் சரியாத்தான் இருக்குன்னு அந்த அரசு பிரசாரம் பண்ணும். இரண்டு வாரம் ஆடிவிட்டு ஆஷ் திரும்பிவிடுவார், அங்கே இருக்கிறவர்கள் அப்படியேதான் இருப்பார்கள். இது நியாயமான வாதம்தான்.

ஆஷின் கணக்கு வேறு. ஒரு கருப்பர் வெள்ளையர்களோடு சமமாக நின்று ஆடி ஜெயிப்பதை அங்கிருக்கும் கருப்புப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கணும் என்று நினைத்தார். அந்த நாட்டை நேரில் பார்த்தால்தான் அதைப் பற்றிப் பேசத் தனக்கு உரிமை இருக்கும் என்றும் கருதினார். கூடவே நிபந்தனைகளும் வைத்தார். மைதானத்தில் கருப்பர், வெள்ளையர் எனப் பிரித்து உட்காரவைக்கக் கூடாது. கௌரவ வெள்ளையர் என்ற பட்டத்தைத் தன் மேல் ஒட்டக் கூடாது. எங்கே வேண்டுமானாலும் போக, எதை வேண்டுமானாலும் பேச விடணும்.

சரின்னு சொன்னார்கள். ஆனா இருக்கை விஷயத்தில் கொடுத்த வாக்கு முழுசாக நிறைவேறவில்லை.

1973 நவம்பரில் ஜோகன்னஸ்பர்க் எல்லிஸ் பார்க் மைதானம். ஒற்றையர் ஃபைனல் வரை வந்த ஆஷ், ஜிம்மி கானர்ஸிடம் நேர் செட்டில் தோற்றார். மிச்சம் இருந்தது இரட்டையர் மட்டும்.

இரட்டையர் ஏன் வேறு ஆட்டம்?

கடத்தூர் பக்கம் ராத்திரி லைட் போட்டு ஷட்டில் ஆடுகிறவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. டபுள்ஸ் என்றால் ஓரத்து இடமும் கணக்கில் வரும். பார்ட்னர் எங்கே நிற்கிறான் என்று திரும்பிப் பார்க்காமலேயே தெரியணும். டென்னிஸிலும் அப்படித்தான். ஒற்றையர் கோர்ட்டின் அகலம் 27 அடி. இரட்டையரில் இரண்டு பக்கமும் நாலரை அடி சேர்ந்து 36 அடியாகும். நடுவில் வரும் பந்தை யார் எடுப்பது என்பதில்தான் பாதி மேட்ச் இருக்கு. கூட நிற்பவரை நம்பாமல் ஆடவே முடியாது.

ஆஷும் ஓக்கரும் ஃபைனலில் சந்தித்தது ஆஸ்திரேலிய ஜாம்பவான் லூ ஹோட், தென்னாப்பிரிக்காவின் ராப் மாட் ஜோடியை. ஆஷ் - ஓக்கர் ஜெயித்தார்கள். தென்னாப்பிரிக்க ஓப்பன் சாம்பியன்கள் பட்டியலில் முதல் முறையாக ஒரு கருப்பரின் பெயர் ஏறியது. அந்த நாட்டை ஆண்ட ஆஃப்ரிகானர்களின் மூதாதையர்களில் பெரும்பகுதி டச்சுக்காரர்கள். கருப்பரோடு கைகோர்த்துக் கோப்பை தூக்கிய ஓக்கரும் ஒரு டச்சுக்காரர்தான்.

அந்தப் பயணத்தில் ஆஷ் சொவேட்டோ பகுதிக்குப் போய்க் கருப்பினப் பிள்ளைகளுக்கு டென்னிஸ் சொல்லிக்கொடுத்தார். அங்கேயும் அவரைப் பாராட்டியவர்கள் உண்டு, முகத்துக்கு நேராகத் திட்டியவர்களும் உண்டு. மைதானத்தில் ஒரு சிறுவன் அவர் போகும் இடமெல்லாம் பின்னாலேயே வந்தான். ஏன் என்று கேட்டபோது, சுதந்திரமான ஒரு கருப்பு மனிதரைத் தான் பார்ப்பது இதுதான் முதல் முறை என்றானாம். ஆஷ் கடைசிவரை மறக்காத சம்பவம் இது.

அவரைப் பார்த்து டென்னிஸ் மட்டை எடுத்தவர்களில் ஒருவர் மார்க் மதபானே. 1978-ல் டென்னிஸ் உதவித்தொகை வாங்கி அமெரிக்கா போய், நிறவெறிக் காலத்தில் தான் வளர்ந்த கதையை எழுதி உலகப் புகழ் பெற்றார்.

அடுத்த வருஷம் இந்தியா என்ன செய்தது?

1974 டேவிஸ் கோப்பை. விஜய் அமிர்தராஜ், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்கள் உச்சத்தில் இருந்த நேரம். கொல்கத்தாவில் ஆஸ்திரேலியாவையும் புனேயில் சோவியத் யூனியனையும் வீழ்த்தி இந்தியா ஃபைனலுக்குப் போனது. எதிரணி தென்னாப்பிரிக்கா.

கோப்பை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனா நிறவெறி நாட்டோடு ஆட மாட்டோம் என்று இந்தியா முடிவெடுத்தது. 1946-லேயே தென்னாப்பிரிக்காவோடு வணிக உறவை முறித்த நாடு இது. ஒரு பந்துகூட அடிக்காமல் கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. அதுக்கப்புறம் 1987-ல் ஒரு தடவை ஃபைனல் வரை போனதோடு சரி, இந்தியா இன்றுவரை டேவிஸ் கோப்பையை ஜெயித்ததில்லை. அந்த முடிவின் விலை அவ்வளவு.

ஆஷ் ஜெயித்துக் காட்டினார், இந்தியா ஆடாமல் காட்டியது. இரண்டும் ஒரே எதிரியை நோக்கிய இரண்டு வழிகள்.

மனசை மாற்றிக்கொண்ட ஆஷ்

1974-லும் 1975-லும் ஆஷ் மறுபடி தென்னாப்பிரிக்கா போனார். சொவேட்டோவில் அவர் பெயரில் டென்னிஸ் மையமும் வந்தது. ஆனா சட்டங்கள் அப்படியேதான் இருந்தன. 1976-ல் சொவேட்டோவில் பள்ளி மாணவர்கள் மேல் போலீஸ் துப்பாக்கிச்சூடு நடத்தியது.

அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஆஷ் தன் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டார். ஆடிக் காட்டுவது போதாது, முழுப் புறக்கணிப்புதான் வழி என்ற பக்கம் வந்தார். 1983-ல் பாடகர் ஹாரி பெலஃபான்டேவோடு சேர்ந்து, கலைஞர்களும் விளையாட்டு வீரர்களும் தென்னாப்பிரிக்காவைப் புறக்கணிக்க வேண்டும் என்ற அமைப்பைத் தொடங்கினார். 1985 ஜனவரியில் வாஷிங்டனில் தென்னாப்பிரிக்கத் தூதரகம் முன்பு போராடிக் கைதானார். அப்போது அவர் அமெரிக்க டேவிஸ் கோப்பை அணியின் கேப்டன்.

1990-ல் நெல்சன் மண்டேலா விடுதலை. 1991-ல் தென்னாப்பிரிக்கா போன அமெரிக்கக் கருப்பினப் பிரமுகர்கள் குழுவில் ஆஷும் இருந்தார்.

பெரிய ஆட்டக்காரரா?

சந்தேகமே வேண்டாம். 1975-ல் டல்லாஸ் உள்ளரங்கில் நடந்த டபிள்யூ.சி.டி. ஃபைனலில் 18 வயசு பியான் போர்க்கை வீழ்த்தினார். இரண்டு மாசம் கழித்து விம்பிள்டன் ஃபைனல். எதிரே உலக நம்பர் ஒன் ஜிம்மி கானர்ஸ். வேகமாக அடித்தால் கானர்ஸ் அதைவிட வேகமாகத் திருப்புவார் என்பதால், தன் பலமான வேகத்தையே விட்டுவிட்டு மெதுவாகவும் தாழ்வாகவும் பந்தைப் போட்டார் ஆஷ். முதல் இரண்டு செட் 6-1, 6-1. நாலு செட்டில் மேட்ச் முடிந்தது. விம்பிள்டன் ஒற்றையர் ஜெயித்த முதல் கருப்பின ஆண். 32-வது பிறந்தநாளுக்கு அப்போது ஐந்து நாள்தான் பாக்கி.

இரட்டையரிலும் 1971 பிரெஞ்சு ஓப்பனை மார்ட்டி ரீசனோடும், 1977 ஆஸ்திரேலிய ஓப்பனை டோனி ரோச்சோடும் ஜெயித்தார். 1971-ல் கேமரூன் நாட்டில் 11 வயசுப் பையன் ஒருவனின் ஆட்டத்தைப் பார்த்து, பிரான்ஸுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். அந்தப் பையன் யானிக் நோவா, 1983 பிரெஞ்சு ஓப்பன் சாம்பியன்.

முத்துசாமி வீடு எங்கே வந்தது?

1977 பிப்ரவரியில் ஆஷ் கல்யாணம் செய்துகொண்டவர் புகைப்படக் கலைஞர் ஜீன் முத்துசாமி. பிரெஞ்சு எழுத்துமுறையில் மூட்டூசாமி என்று வாசிப்பார்கள். ஆனா நம்ம ஊர் முத்துசாமிதான் அது. ஜீனின் அப்பா ஜான் முத்துசாமி சிகாகோவின் பெயர்பெற்ற கட்டடக் கலைஞர். குடும்பத்தின் வேர் கரீபியன் தீவான குவாதலூப்பில் இருக்கிறது.

1854 முதல் காரைக்கால், புதுச்சேரி துறைமுகங்கள் வழியாக ஆயிரக்கணக்கான தமிழர்கள் அந்தத் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டார்கள். பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் மறந்துபோனது, பெயர் மட்டும் மறக்கவில்லை. அடிமைகளின் வம்சத்தில் வந்த ஆஷும், கூலிகளாகப் போனவர்களின் வம்சத்தில் வந்த ஜீனும் சேர்ந்த குடும்பம் அது.

எய்ட்ஸ்: மறைத்ததும் சொன்னதும்

1979-ல் 36 வயசில் ஆஷுக்கு மாரடைப்பு. பைபாஸ் ஆபரேஷன். 1980-ல் ஆட்டத்திலிருந்து ஓய்வு. 1983-ல் இரண்டாவது இதய ஆபரேஷன். அப்போது ஏற்றிய ரத்தத்தின் வழியாகத்தான் எச்.ஐ.வி. வந்ததாக டாக்டர்கள் முடிவுக்கு வந்தார்கள். தானமாக வரும் ரத்தத்தில் அந்தக் கிருமி இருக்கிறதா என்று சோதிக்கும் முறை 1985-ல்தான் வந்தது.

1988-ல் வலது கை திடீரென்று வேலை செய்யாமல் போனபோதுதான் நோய் தெரியவந்தது. அந்த நாட்களில் எய்ட்ஸ் என்றால் பக்கத்தில் உட்காரவே பயப்படுவார்கள். இந்தியாவிலும் 1986-ல் சென்னையில்தான் முதல் முறையாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது. அந்தக் காலத்து பயமும் ஒதுக்கலும் நம்ம ஊரிலும் பலருக்கு நினைவிருக்கும். ஆஷின் வீட்டில் சின்ன மகள் இருந்தாள். அவளை மனசில் வைத்து, நெருங்கியவர்களுக்கு மட்டும் சொல்லிவிட்டு மௌனமாக இருந்தார்.

1992 ஏப்ரலில் ஒரு பத்திரிகைக்கு விஷயம் கசிந்தது. செய்தி வருவதற்குள் தானே சொல்லிவிடுவது என்று ஏப்ரல் 8 அன்று பத்திரிகையாளர்களைக் கூட்டி அறிவித்தார். பொறுப்பில் இல்லாத ஒரு மனிதரின் நோயை வெளியிட ஊடகத்துக்கு உரிமை உண்டா என்ற விவாதம் அப்போது பெரிசாக நடந்தது. இன்றும் செய்தி அறைகளில் கேட்க வேண்டிய கேள்விதான்.

அதுக்கப்புறம் பத்து மாசம்தான் இருந்தார். அந்த நேரத்தில் எய்ட்ஸ் ஒழிப்புக்கு அறக்கட்டளை தொடங்கினார். ஹெய்ட்டி அகதிகளைத் திருப்பி அனுப்புவதை எதிர்த்து வெள்ளை மாளிகை முன்பு போராடிக் கைதானார். டிசம்பர் 1 அன்று ஐ.நா. சபையில் பேசினார். 1993 பிப்ரவரி 6 அன்று நியூயார்க்கில் காலமானார். வயசு 49.

எங்கே நிற்கிறார் இப்போது?

அடிமை முறையைக் காப்பாற்றப் போரிட்ட தளபதிகளின் சிலைகள் வரிசையாக நின்ற ரிச்மண்ட் சாலையில், 1996-ல் ஆஷுக்குச் சிலை வைத்தார்கள். எதிர்ப்பு இல்லாமல் இல்லை. 2020, 2021-ல் அந்தத் தளபதிகளின் சிலைகள் அகற்றப்பட்டன. ஒரு கையில் புத்தகம், மறு கையில் மட்டையோடு ஆஷ் மட்டும் அதே இடத்தில் நிற்கிறார்.

நியூயார்க்கில் 1997-ல் திறந்த ஸ்டேடியத்துக்கு அவர் பெயர். 2016-ல் அதற்கு நகரும் கூரை போட்டார்கள். மழை வந்தால் கூரை மூடும். ரிச்மண்டின் உள்ளரங்கக் கோர்ட்டில் நுழைய விடாமல் தடுக்கப்பட்ட பையனின் பெயரில், உலகத்தின் மிகப் பெரிய டென்னிஸ் மைதானம் சில நிமிஷத்தில் உள்ளரங்கமாக மாறும்.

சரி, ஜோகன்னஸ்பர்க் கேள்விக்கு என்ன பதில்? போனதும் தப்பில்லை என்று வாதாடலாம், போகாமல் இருந்ததே சரி என்றும் வாதாடலாம். முதலில் ஒன்றைச் செய்துபார்த்து, அது போதவில்லை என்று தெரிந்ததும் வெளிப்படையாக நிலையை மாற்றிக்கொண்டவர் ஆஷ். அடுத்த தடவை அமெரிக்க ஓப்பன் இரட்டையர் ஃபைனலை அந்த ஸ்டேடியத்தில் பார்க்கும்போது, 1973-ல் ஓக்கரோடு ஜெயித்த அந்தக் கோப்பையையும் ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க.